நிறைந்தே நின்ற முள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.

அம்பாசமுத்திரத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேர் ஜமக்காளத்தில் சாய்ந்திருந்தார்கள். எச்சில் இலையும் சந்தனமும் கலந்த வாடை. பின்கட்டில் அண்டா உருட்டும் சத்தம். மண்டபத்து அலுவலக அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "சீவலப்பேரிக்காரவுக யாரு? போன் வந்திருக்கு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் மணிக்கு மணி வகுப்பு மாறிப் பழகியவள் நான். எழுந்திருக்கும்போதே கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விடும். அதனால்தான் அந்த நேரம் மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் என்னிடம் நேரக் கணக்கு கிடையாது.

சில வாரங்களாக இந்தப் பக்கங்களில் பள்ளிக்கூடத்துக் கதைகளையே எழுதி வந்தேன். ஆய்வுக்கூடத்தில் உடைந்த குடுவைகள், ஆண்டு விழா நாடகம், இப்படி. இதை எழுதாமல் தள்ளிப் போடத்தான் அவற்றையெல்லாம் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. நடந்து அதிக காலம் ஆகவில்லை. இன்றும் வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

போனில் என் மகள் கோமதி. மறுநாள் கல்லூரியில் பரீட்சை என்று அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பி செந்திலும் வரவில்லை. அவனுக்குப் பதினொரு வயது. சின்னதிலிருந்தே இளைப்பு உண்டு. ஓமப் புகையும் கூட்டமும் சேராது என்று அவனை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"அம்மா, செந்திலுக்கு இளைப்பு வந்துட்டு. மாத்திர குடுத்தும் கேக்கல. உதடெல்லாம் ஒரு மாதிரி நீலமா இருக்கு. பஸ்ஸு இனிமே சாயந்தரந்தான். நான் நம்ம பிளசர்ல பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க நேரா டாக்டர்ட்ட வந்திருங்க."

"ஏட்டி, பெட்ரோல் கெடக்கா பாத்தியா?"

"பாத்துட்டேம்மா. முள்ளு ஃபுல்லுல நிக்கி. அப்பா ஊத்திட்டு வந்திருப்பாக போல. நீ பயப்படாத. வைக்கேன்."

வைத்துவிட்டாள்.

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த முள்ளை நான் பார்த்திருந்தேன். அடிமட்டத்தில் கிடந்தது. எங்கள் ஊரில் பெட்ரோல் பங்க் கிடையாது. அதற்குப் பிறகு வண்டி வீட்டை விட்டு வெளியே போகவுமில்லை. அப்புறம் எப்படி நிறையும்?

திரும்ப வீட்டு எண்ணைச் சுற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. அவள் கிளம்பிவிட்டாள்.

என் கணவர் தூணில் சாய்ந்து, மைத்துனர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். நெஞ்சு முழுக்கச் சந்தனம். விஷயத்தைச் சொல்லி, "முள்ளு ஃபுல்லுல நிக்காம், எப்படி?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பவும் தோன்றாமல் சொன்னார்.

"காலைல வயர கழட்டிவிட்டேன். சாயந்தரம் போயி மாட்டிக்கிடலாம்னு இருந்தேன்."

இந்த ஒரு வாக்கியம் விளங்க வேண்டுமானால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமனாரின் பிளசர்

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் காரை 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். என் மாமனார் நிலபுலனோடு இருந்த காலத்தில் வாங்கிய சீமை வண்டி அது. நான் கல்யாணமாகி வந்தபோது நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வண்டி மட்டும் கொட்டகையில் நின்றது. கறுப்பு நிறம். உள்ளே ஏறினால் பழைய தோலும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. முன்னால் மரப்பலகையில், பித்தளை வளையம் போட்ட மூன்று வட்டங்கள். அதில் கடைசி வட்டம் பெட்ரோல் மீட்டர்.

அந்த மீட்டரின் முள் எப்போதும் ஃபுல்லில்தான் நிற்கும். சாவியைத் திருகியதும் மெல்ல எழுந்து வலது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். டேங்க் காய்ந்து கிடந்தாலும் ஃபுல்தான்.

டவுனில் பெட்ரோல் பங்க்காரர் ஒவ்வொரு முறையும் என் கணவரைக் கிண்டல் செய்வார். "அண்ணாச்சி, முள்ளு ஃபுல்லுங்குது. நான் எங்கன ஊத்த? உங்க மடியிலயா?"

இவரும் விடமாட்டார். "நீரு ஊத்தும் வே. எங்க வீட்டு வண்டிக்கு வயிறு பெருசு."

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வீட்டில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. டிக்கியைத் திறந்து, டேங்க் மூடியைக் கழற்றி, குச்சியை விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் எடுத்த உடனே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். கோமதிக்கு அவள் அப்பா வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது, கிளட்ச்சுக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தது குச்சியைத்தான். முள்ளை யாரும் நம்பியதில்லை. நம்பாததால் அதனால் யாருக்கும் கெடுதலும் வந்ததில்லை.

கெட்டுப் போகாத மீட்டர்

நான் பிளஸ் டூ பெண்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறவள். கால்வனா மீட்டரின் முள்ளோடு வருஷம் முழுக்கப் பழகுகிறவள். வீட்டிலேயே ஒரு முள் பொய் சொல்லிக்கொண்டு நிற்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோடை விடுமுறையில் ஒரு நாள், டார்ச் விளக்கையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கோமதி கூட வந்தாள்.

பெட்ரோல் மீட்டர் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை கிடக்கும். பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும். அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒரு வயர் முன்னால் இருக்கும் மீட்டருக்குச் சொல்லும். மீட்டர் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், மிதவை துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கோமதியைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, பலகைக்குக் கீழே முதுகை வளைத்துப் படுத்து, மீட்டரின் பின்னால் இருந்த டேங்க் வயரைக் கழற்றினேன். கழற்றிய இடத்திலிருந்து வேறொரு வயரால் வண்டியின் இரும்பைத் தொட்டேன்.

"அம்மா! விழுந்துட்டு! முள்ளு விழுந்துட்டு!" என்று மேலே உட்கார்ந்திருந்த கோமதி கத்தினாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக, சாவி திருகியிருந்தால் ஃபுல்லை விட்டு இறங்காத முள் அது.

கையை எடுத்தேன். முள் மறுபடி ஏறி ஃபுல்லில் நின்றது. அப்படியானால் மீட்டரில் குற்றமில்லை. டேங்கிலிருந்துதான் சேதி வரவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் இந்த வகை மீட்டரின் அமைப்பு அப்படி. சேதி வராவிட்டால் நிறைந்திருப்பதாகவே காட்டும்.

வயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனோம். மிதியடிக்குக் கீழே, பின் இருக்கைக்குக் கீழே, எங்கேயும் அறுந்திருக்கவில்லை. எலி கடித்திருக்கவில்லை. டிக்கியில் டேங்குக்கு ஒரு சாண் முன்னால் வயரின் முனை கிடைத்தது. துருவேறி விழுந்த முனை அல்ல. யாரோ திருகைக் கழற்றி, முனையை இரண்டாக மடித்து, மஞ்சள் துணி சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தார்கள். துணி மக்கிப் பழுப்பாகியிருந்தது. முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்தது.

கோமதி அதை மோந்து பார்த்து, "என்னம்மா இது, வண்டிக்குத் தாயத்து கட்டியிருக்காங்க" என்றாள்.

வெறும் மரக்கால்

சாயங்காலம் என் கணவரிடம் கேட்டபோது சிரித்தார். பிறகுதான் கதையைச் சொன்னார்.

நெல் அளக்கும் மரக்காலை எங்கள் பக்கத்தில் வெறுமையாக வைக்கமாட்டார்கள். அளந்து முடித்தாலும் ஒரு பிடி நெல்லை உள்ளே போட்டுத்தான் வைப்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. "அரிசி நிறைஞ்சிட்டு" என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரரும் புரிந்துகொண்டு மூட்டையை அனுப்புவார்.

வண்டி மதுரையிலிருந்து முதன்முதலாக வந்த அன்று, தெருவே கூடி நின்றதாம். ஆரத்தி எடுத்து முடித்ததும் என் மாமனார் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டி. முள் கீழே கிடந்தது. அது என்ன என்று கேட்டார். டேங்க் காலி என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

"வெறும் மரக்காலத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வருதியா லே?" என்று மாமனார் அவரைப் பிடித்துக்கொண்டார். "அந்த முள்ளு எந்திரிக்கணும். என்ன செய்வியோ தெரியாது."

பெட்ரோலுக்கு டவுன் வரை போக வேண்டும். டிரைவர் எதையெதையோ கழற்றிப் பார்த்தார். அந்த வயரை எடுத்ததும் முள் எழுந்து நின்றது. மாமனாருக்குத் திருப்தி. மஞ்சள் துணி சுற்றியது அவர்தான். அன்று எழுந்த முள் பிறகு இறங்கவேயில்லை. அவர் கண்ணை மூடும்வரை அந்த வண்டியில் பெட்ரோல் குறைந்து யாரும் பார்த்ததில்லை.

நான் துணியை அவிழ்த்தேன். மிதவையை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். வயரைத் திருகினேன். சாவியைத் திருப்பியதும் முள் கால்வாசியில் நின்றது. குச்சி விட்டுப் பார்த்தோம். அதுவும் கால்வாசி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அந்தக் குச்சியை முறித்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன்.

"இனிமே முள்ள நம்பலாம்" என்று கோமதியிடம் சொன்னேன்.

"இனிமே நம்ம வண்டியும் எல்லாரையும் போல கையேந்திக்கிட்டு நிக்கும்" என்றார் என் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் தாய்மாமன் சீர் கிளம்பியது. எங்கள் வீட்டு வழக்கப்படி, நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது முதலில் பிளசரை ஸ்டார்ட் செய்து ஒரு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். நாங்கள் வேனில் போவதாக இருந்தாலும் அது நடக்கும். சீர்த்தட்டுகளோடு பெண்கள் வரிசையாக நிற்க, இவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். முள் எழவேயில்லை.

தங்கை மகளுக்குச் சீர் கொண்டுபோகிற வேளையில் அவருக்கு மனம் கேட்கவில்லை. டிக்கியைத் திறந்து வயரை உருவிவிட்டார். நான் தட்டுகளுக்குத் துணி மூடிக்கொண்டிருந்தேன். டிக்கி மூடும் சத்தம் கேட்டது. தாம்பாளம் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

பூ வைத்த கார்

மண்டபத்தில் இதைக் கேட்டு நின்றவர்களில் நாத்தனார்தான் முதலில் அசைந்தாள். "மயினி, அழாத. மாப்ள வந்த கார் வாசல்ல நிக்கி. ஏறு, ஏறு" என்று என்னைத் தள்ளிக்கொண்டே போனாள். காரின் முன்னும் பின்னும் மல்லிகைச் சரம் கட்டியிருந்தது. டிரைவர் பிய்த்தெறியப் போனார். "நேரமில்ல வே, எடும்" என்று என் கணவர் கதவைச் சாத்தினார்.

வழியெல்லாம் பஸ் நிறுத்தங்களில் நின்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கக் குனிந்தார்கள். சேரன்மகாதேவியில் ரயில் கேட் அடைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் ஓடிவந்து கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள்.

"ஏலே, பொண்ணு எங்கனல?"

"இந்தக் கிழவிதான்ல பொண்ணு. அழுதுக்கிட்டு இருக்கு பாரு, கட்டிக் குடுத்துட்டாவ."

சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ரயில் வரவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் வயலில் நடவு முடிந்து தண்ணீர் பளபளத்தது. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எவ்வளவு கெடந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"பாதி வழி வரும்."

"வராது."

"குண்டு குழியில ஓட்டாம நேரா போனா வரும்."

"போன வாரம் அம்மன் கோயிலுக்குப் போனோம். பெறவு நீங்க உரக்கடைக்குப் போனீங்க. வராது."

இரண்டு பேரும் ஏதோ ஏலத்தில் நிற்பதுபோல் அந்தச் சாலையை நீட்டியும் குறைத்தும் பேசிக்கொண்டிருந்தோம். பாதி வழி என்றால் ஓர் ஊர் இருக்கிறது. ஒரு டீக்கடை இருக்கிறது. அதற்கு முன்னால் என்றால் உடைமரமும் பொட்டலும்தான். நான் கண்ணை மூடினால் அந்தப் பொட்டலில் வண்டி நிற்பது தெரிந்தது. வண்டி நின்ற பிறகும் கோமதி அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதுதான் என்னைக் கொன்றது. பெட்ரோல் இருக்கிறது என்று நம்பி, வேறு எதையோ பழுது என்று தேடிக்கொண்டிருப்பாள். பானெட்டைத் திறந்து நிற்பாள். தம்பி பின்னால் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பான். போகிற வருகிறவர்களிடம் பெட்ரோல் கேட்கக்கூட அவளுக்குத் தோன்றாது.

கேட் திறந்தபோது என் கணவர், "நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்றார்.

"பேசாதீங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசல்

எங்கள் டாக்டரின் ஆஸ்பத்திரி சின்னது. முன்னால் ஒரு வேப்பமரம், இரண்டு பெஞ்சு. நாங்கள் இறங்கியதும் கம்பவுண்டர் பூ வைத்த காரைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செந்தில் வந்துட்டானா?"

"இன்னும் வரலையே டீச்சர்."

அம்பாசமுத்திரத்திலிருந்து, ரயில் கேட்டிலும் காத்துக்கிடந்து நாங்கள் வந்துவிட்டோம். பக்கத்தில் இருக்கிற சீவலப்பேரியிலிருந்து அவர்கள் வரவில்லை. இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை.

டாக்டர் கட்டிலைத் தயார் செய்யச் சொன்னார். நர்ஸ் ஆக்சிஜன் உருளையை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வெள்ளை விரிப்பு. அதன்மேல் யாரும் இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

என் கணவர் பங்க்கில் ஒரு கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு அதே காரில் சீவலப்பேரி சாலைக்குப் போனார். நானும் வருகிறேன் என்றேன். "வேற வண்டில வந்துட்டான்னா இங்க ஆளு வேணும்லா" என்றார். அது சரிதான். ஆனால் நிற்பது போவதைவிடக் கஷ்டம்.

ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தெருமுனை வரை போனேன். மாட்டு வண்டி. ஆட்டோ. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ரிக்ஷா. எல்லாரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். என் பட்டுப்புடவை முந்தானையில் காலையில் தெறித்த பன்னீர் இன்னும் மணத்தது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அப்போதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே நுழைந்தது.

ஓட்டி வந்தவர் பருத்த மனிதர். பின்னால் அவர் மனைவி. நடுவில் செந்தில். அவனை அந்த மனிதரின் முதுகோடு துண்டால் கட்டியிருந்தார்கள். தலை தோளில் சாய்ந்து கிடந்தது. ஒரு கால் கீழே தொங்கி, பெருவிரல் சாலையில் உரசி ரத்தமாக இருந்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், நான் யார் என்று கேட்காமலே, "மூச்சு இருக்குக்கா. நெஞ்சுல கைய வச்சிக்கிட்டேதான் வந்தேன். இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். கம்பவுண்டர் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். விசில் போல ஒரு மெல்லிய சத்தம் அவனிடமிருந்து வந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று பேருக்கு மேல் இழுக்காது

வந்தவர் தேங்காய் வியாபாரி. மனைவி பெயர் இசக்கியம்மாள். சொந்தக்கார வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு பெண் நடுச்சாலையில் கையை விரித்துக்கொண்டு நின்றாளாம்.

"பிரேக்கு புடிக்காட்டி ஏத்திருப்பேன்" என்றார் அவர். "ஏட்டி, சாவதுக்கு என் வண்டிதான் கெடச்சுதான்னு ஏசிட்டேன், டீச்சரம்மா. பெறவுதான் பின் சீட்டுல பையனப் பாத்தேன்."

"இவுக ஏசுனது அவ காதுலயே ஏறல" என்றாள் இசக்கியம்மாள். "கரிக் கை. பானெட்ட தெறந்து என்னல்லாமோ நோண்டிப் பாத்திருக்கா. எங்கள நிறுத்துமுன்ன ரெண்டு லாரி நிக்காம போயிட்டாம்."

"கோமதி எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாலு பேர இழுக்காதும்மா வண்டி" என்றார் அவர். "நான் எறங்கிக்கிடுதேன், நீ ஏறுன்னு இவ சொன்னா. அந்தப் பிள்ள கேக்கல. 'எனக்குக் கையெல்லாம் நடுங்குது, நான் புடிச்சா விட்டுருவேன், நீங்களே புடிச்சிக்கிடுங்க'ன்னு சொல்லிட்டு, பின்னால நின்னு வண்டிய தள்ளி விட்டா."

"கொஞ்ச தூரம் ஓடியாந்தா" என்றாள் இசக்கியம்மாள். "பெறவு திரும்பிப் பாத்தேன். காங்கல."

பெஞ்சில் உட்கார்ந்தேன். இசக்கியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, உரிமையோடு என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் கணவர் பீடியை எடுத்தார். "இளைப்புக்காரப் பிள்ள உள்ள கெடக்கான், இங்கன நின்னு ஊதுவேரோ? போம் அந்தால" என்று விரட்டினாள். அவர் கேட்டுக்கு வெளியே போய் நின்றார்.

என் கணவர் திரும்பி வந்தபோது காரில் கட்டிய பூ வாடித் தொங்கியது. தனியாக வந்தார். பிளசர் பொட்டலில் நிற்கிறது, இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடக்கின்றன, கோமதியின் செருப்பு பெடலுக்குக் கீழே கிடக்கிறது, அவள் இல்லை என்று சொன்னார். ஊர் வரை போய்ப் பார்த்திருக்கிறார். வீடு திறந்து கிடந்ததாம். போகும்போதும் வரும்போதும் சாலையில் அவளைக் காணவில்லை.

அந்தச் சாலைக்குச் சற்றுத் தள்ளி வாய்க்கால் ஓடுகிறது. அப்போது தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேருமே அதைத்தான் நினைத்தோம்.

"மறுபடி போறேன்" என்றார். ஆனால் படியில் உட்கார்ந்து, நெஞ்சில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயதுப் பெண். தம்பியை முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல், எந்த வழியாக எங்கே போயிருப்பாள்? உள்ளே இருப்பவனுக்காக அழுவதா வெளியே இருப்பவளுக்காக அழுவதா என்று தெரியாமல் எனக்குக் கண்ணீரே நின்றுவிட்டது.

டாக்டர் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "மூச்சு கொஞ்சம் சீராகுது. முழுசா இப்ப சொல்ல முடியாது. காலைல வரைக்கும் பாக்கணும்" என்றார். "இவ்வளவு தாமதமா ஏன் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். தேங்காய் வியாபாரிதான், "வழில வண்டி நின்னுட்டு சார்" என்றார்.

தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கின. முதலில் ஊதாவாக மினுங்கி, பிறகு வெளுக்கும். அந்த வெளிச்சத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு உருவம் நின்றது.

கோமதி. காலில் செருப்பில்லை. முழங்கால் வரை வாய்க்கால் சேறு. குறுக்கே வரப்பு வழியாக நடந்து அடுத்த சாலைக்குப் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. முகத்தில் கரி. இரண்டு கைகளாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள்.

அவள் அப்பா எழுந்து ஓடினார். அவர் கிட்டே வரவும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த என் முகத்தையே பார்த்தாள். வாந்தியெடுத்து, தலை கலைந்து, யாரோ ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்து கிடந்த அம்மாவின் முகத்திலிருந்து அவள் என்ன படித்தாளோ தெரியாது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"நான் உள்ள வரல" என்றாள். "அங்கன இருந்தே சொல்லும்மா. தம்பி இருக்கானா?"